பரம்பரை நடுக்குவாதமும் ரத்தப் பரீட்சையும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வியாதியைப் பற்றியது. நாம் டாக்டரல்ல, காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவருமல்ல. கையில் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்லப் போகின்றோம். மருந்து கொடுப்பதற்குத்தான் டாக்டர் வேண்டுமேயொழிய, ஒரு வியாதி யாரால் வந்தது, எதனால் வந்தது, இனி யாருக்கு வரும் என்று ஊரார் பேசுகின்ற பேச்சைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கொஞ்சம் அறிவும், பயமில்லாத மனமும் இருந்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

அந்த வியாதிக்கு நடுக்குவாதம் என்று பெயர். கம்பவாதம் என்றும் சொல்லுவார்கள். டாக்டர்கள் பார்க்கின்சன் வியாதி என்பார்கள். சும்மா இருக்கும்போதே கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை சிறு சிறு அடியாகக் குறுகும், கையெழுத்து எறும்பு ஊர்ந்தாற்போலச் சிறுத்துப் போகும், சிரித்தாலும் கோபித்தாலும் முகத்தில் தெரியாது. மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்னும் ரசத்தை உண்டாக்குகின்ற உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போவதே இதற்குக் காரணம்.

இதை முதன்முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் லண்டனில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர். 1817-ல் அவர் எழுதிய சிறு புஸ்தகத்தில் ஆறே ஆறு நோயாளிகளைப் பற்றிச் சொல்லியிருக்கின்றார். அவர்களில் சிலர் தெருவில் போகும்போது அவர் கண்ணில் பட்டவர்கள். இந்தப் பார்க்கின்சன் வெறும் வைத்தியர் மாத்திரமல்ல. சாதாரண ஜனங்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று கிளர்ச்சி செய்த சங்கத்தில் சேர்ந்து, "கிழ ஹூபர்ட்" என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதி, அரசனைக் கொல்லச் சதி செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வழக்கில் 1794-ல் மந்திராலோசனை சபை முன்பு நின்று விசாரிக்கப்பட்டவர். தெருவில் போகிற கிழவனின் நடையையும் பார்த்து, நாட்டில் நடக்கும் அநியாயத்தையும் பார்த்தவர் என்று தெரிகின்றது.

ஊரார் சொல்லும் காரணம்

நடுக்குவாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வருவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இன்ன மரபணுவினால் வந்தது என்று எடுத்துக் காட்ட முடிகின்றது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் தகப்பனாருக்கு எழுபது வயதில் கை நடுங்கிற்று, எனக்கும் வந்துவிடும்" என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களில் அநேகருக்கு அந்தப் பயம் அனாவசியம்.

ஆனால் சில குடும்பங்களில் பாட்டனுக்கு வந்து, அத்தைக்கு வந்து, தகப்பனுக்கும் வந்திருக்கும். அப்படிப்பட்ட குடும்பத்தைப் பற்றி நம் ஊரில் என்ன சொல்லுகிறார்கள்? குல சாபம் என்கிறார்கள்; பூர்வ ஜன்ம பாவம் என்கிறார்கள்; குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குற்றம் என்கிறார்கள். இப்படிச் சொல்லுவதால் நோயாளிக்கு ஒரு சிறு பலனாவது உண்டா என்று பார்த்தால் இல்லை. நஷ்டமோ மூன்று உண்டு. பரிகாரத்துக்குப் பணம் போவது முதல் நஷ்டம். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயாளியை உள் அறையில் மறைத்து வைத்து, மருந்து ஆரம்பிக்க வேண்டிய காலத்தைக் கடத்துவது இரண்டாவது நஷ்டம். மூன்றாவது, "நீ இந்த வீட்டில் காலெடுத்து வைத்த பிறகுதான் இது வந்தது" என்று பழியைக் கொண்டுபோய் மருமகள் தலையில் வைப்பது. வியாதி மாமனார் ரத்தத்தில் அவர் பிறந்த அன்றைக்கே இருந்திருக்கும். ஏச்சுக் கேட்பவளோ நேற்று வந்த மருமகள்!

இத்தாலியில் ஒரு கிராமம்

இனி உண்மை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்ப்போம். இத்தாலியின் தென்பாகத்தில், சலெர்னோ ஜில்லாவில், மலைப்பாங்கான கோன்டுர்சி என்றொரு கிராமம் இருக்கின்றது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஒரு குடும்பத்தில் பலருக்கு நடுக்குவாதம், அதுவும் நாற்பதுகளிலேயே வந்தது. நியூஜெர்சியில் இருந்த டுவாய்சின், கோல்ப் என்ற இரு டாக்டர்கள் 1986 முதற்கொண்டு அந்தக் குடும்பத்தைத் தேடிக்கொண்டே போய், இரண்டு தேசத்திலுமாகச் சுமார் அறுநூறு பேரை வம்சாவளியில் எழுதினார்கள். அதில் அறுபது பேருக்கு வியாதி இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே டுவாய்சின் 1983-ல் மற்ற டாக்டர்களுடன் சேர்ந்து 65 ஜோடி இரட்டையர்களைப் பரிசோதித்து, இந்த வியாதியில் பரம்பரைக்கு முக்கிய பங்கு இல்லை என்று எழுதியவர்களில் ஒருவர். எதிரான சாட்சி கண்ணெதிரே வந்ததும், "நான் எழுதியதே வேதம்" என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. அந்தச் சாட்சியின் பின்னாலேயே பத்து வருஷம் நடந்தார்.

அந்தக் குடும்பத்தார் கொடுத்த ரத்தத்தைக் கொண்டு, பாலிமெரோபுலோஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1997-ல் குற்றம் எங்கே என்று கண்டுபிடித்தார்கள். ஆல்பா சைநியூக்ளின் என்று ஒரு புரதம். அது 140 மணிகளைக் கோத்த மாலை மாதிரி. அந்த மாலையில் 53-வது மணி ஒன்று மாத்திரம் மாறியிருந்தது. அந்த ஒரு மணி மாறியதுதான் அத்தனை பேரையும் நடுங்க வைத்தது. அதே வருஷத்திலேயே இன்னொரு சங்கதியும் வெளியாயிற்று. நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் சிறு உருண்டைகள் இருப்பதை லெவி என்பவர் 1912-லேயே கண்டிருந்தார். அவை இன்னவை என்று 85 வருஷமாக விளங்கவில்லை. அந்த உருண்டைகள் இதே புரதம் திரண்டு கட்டியவை என்று ஸ்பிலான்டினி என்ற பெண்மணியும் அவர் கூட்டாளிகளும் காட்டினார்கள். பரம்பரையாக வியாதி வராதவர்களின் மூளையிலும் அதுதான் இருந்தது. ஆகவே ஒரு குடும்பம் தன் வியாதியை மறைக்காமல் வெளியில் சொன்னதால், உலகத்திலுள்ள அத்தனை நடுக்குவாதக்காரர்களின் வியாதியும் கொஞ்சம் விளங்கிற்று. மறைத்திருந்தால் யாருக்கு லாபம்?

பாதி, கால் என்கிற கணக்கு

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி உண்டு. தாய் ஒன்று தருகிறாள். தகப்பன் ஒன்று தருகிறான். சில மரபணுக்களில் ஒரு பிரதி கெட்டாலே வியாதிக்குப் போதும். கோன்டுர்சிக் குடும்பத்தினுடையது அந்த ரகம். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அந்தக் கெட்ட பிரதி வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண், மூத்தது, இளையது என்ற பேதம் அதற்குக் கிடையாது.

வேறு சில மரபணுக்களில் இரண்டு பிரதியும் கெட்டால்தான் வியாதி. ஜப்பானியர் 1998-ல் கண்டுபிடித்த பார்க்கின் என்னும் மரபணு அப்படிப்பட்டது. இளவயதிலேயே, சிலருக்கு இருபதுக்குள்ளேயே, நடுக்கம் வரும். தாய் தகப்பன் இருவரும் நல்ல சுகத்தோடிருப்பார்கள். ஆளுக்கொரு கெட்ட பிரதி மறைவாக இருக்கும். அவர்கள் பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இரண்டும் சேர்வதற்கு. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்தால் ஒரே பாட்டனுடைய கெட்ட பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேருவது சுலபம். தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் முடிக்கும் கல்யாணம் 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி நூற்றுக்கு 28. "சொத்து வெளியில் போகக்கூடாது" என்று முடிக்கின்றோம். சொத்தோடு கூட வேறு எது வீட்டுக்குள்ளேயே தங்குகின்றது என்பதையும் யோசிக்க வேண்டாமா? இதற்காகச் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் நடுங்க வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சுகமாகவே இருப்பார்கள். குடும்பத்தில் இளவயது நடுக்கம் கண்டிருந்தால் மாத்திரம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது புத்திசாலித்தனம். இளவயதில் இவ்வகை வியாதி வந்தவர்களுக்கும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. லெவோடோபா என்ற மருந்து குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கும். வியாதியும் மெதுவாகவே நகரும்.

மூன்றாவது ரகம் ஒன்றுண்டு. மரபணு கெட்டிருந்தும் வியாதி வரலாம், வராமலும் போகலாம். எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணு அப்படி. 2004-ல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒரு கோஷ்டியார், பாஸ்க் ஜாதியாரின் பாஷையில் நடுக்கத்துக்குள்ள சொல்லைக் கொண்டு அதன் புரதத்துக்கு "டார்டரின்" என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணுவிலே அதிகமாகக் காணப்படும் ஒரு மாறுதல், வட ஆப்பிரிக்கா நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேரிடம் இருக்கின்றது. இந்தியர்களிடம் மிக மிக அபூர்வம். அந்த மாறுதல் உள்ளவர்களில் 79 வயதுக்குள் நூற்றுக்கு 74 பேருக்கு வியாதி வரும் என்று 2008-ல் கணக்கிட்டார்கள். பிறகு வேறு விதமாக ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்ததில், 80 வயதுக்குள் கிழக்கு ஐரோப்பிய வம்ச யூதர்களுக்கு 26 என்று 2015-லும், மற்றவர்களுக்கு 42 என்று 2017-லும் கணக்கு வந்தது. ஜி.பி.ஏ. என்னும் இன்னொரு மரபணுவும் இந்த ரகமே. அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி வருவதே இல்லை.

இது புது ஜோசியமாகலாமா?

இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "தலையெழுத்து" என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் "மரபணு" என்ற சொல்லைக் கொண்டுவந்து உட்கார வைத்துக் கும்பிடுவதானால், நாம் செய்த காரியம் என்ன? பழைய ஜோசியனுக்குப் பதில் வெள்ளைச் சட்டை போட்ட ஜோசியன் வந்தான் என்பதுதானே?

ஜாதகத்துக்கும் இந்தப் பரீட்சைக்கும் உள்ள வித்தியாசம், இது தன் யோக்கியதை இவ்வளவுதான் என்று தானே ஒப்புக்கொள்ளுவது. 74 என்று சொன்னதை 42 என்றும் 26 என்றும் திருத்திக்கொள்ளுகின்றது. எந்த ஜோசியனாவது, "போன தடவை நான் சொன்னது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்" என்று வீடு தேடி வந்து சொன்னதுண்டா?

ஆனால் வியாபாரிகள் கைக்குப் போனதும் இந்த அடக்கம் மறைந்துவிடக் கூடும். அமெரிக்காவில் ட்வென்ட்டி த்ரீ அண்ட் மீ என்ற கம்பெனி, எச்சிலைக் குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பினால் நடுக்குவாதத்துக்கான அபாயத்தைச் சொல்லுவதற்கு 2017-ல் சர்க்கார் அனுமதி பெற்றது. அது பார்த்தது இரண்டே இரண்டு மாறுதல்கள். இரண்டும் முக்கியமாக யூதர்களிடமும் ஐரோப்பியர்களிடமும் வட ஆப்பிரிக்கரிடமும் காணப்படுபவை. அதில் "உமக்கு இல்லை" என்று பதில் வந்தால் ஒரு தமிழனுக்கு அதனால் தெரியும் விஷயம் மிகச் சொற்பம். 2023-ல் திருடர்கள் புகுந்து சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்களைக் கொண்டுபோனார்கள். 2025 மார்ச்சில் கம்பெனி திவால் மனுப் போட்டது. சில மாதங்களில் கைமாறியது. கொடுத்த பணம் போனால் சம்பாதிக்கலாம். கொடுத்த எச்சிலில் இருப்பது நம் பிள்ளைகளுடையதும், உடன்பிறந்தாருடையதுமான ரகசியமல்லவா?

அமெரிக்காவில் 2008-ல் ஒரு சட்டம் செய்து, மரபணுவைக் காட்டி வைத்திய இன்ஷூரன்ஸையோ உத்தியோகத்தையோ மறுக்கக் கூடாது என்றார்கள். ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு அது பொருந்தாது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே இல்லை.

ஆலோசனை எதற்கு?

ஆகவேதான் பரீட்சைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்கிறார்கள். இதற்கென்று படித்தவர் ஒருவர் உட்கார்ந்து, முதலில் மூன்று தலைமுறைக்கு வம்சாவளி எழுதுவார். யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது என்று கேட்பார். பிறகு, "பதில் இப்படி வந்தால் என்ன செய்வீர், அப்படி வந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்பார். வரக்கூடிய பதில் இரண்டல்ல, மூன்று: இருக்கின்றது, இல்லை, மாறுதல் ஒன்று தெரிகின்றது ஆனால் அதன் அர்த்தம் விளங்கவில்லை. இதுவரை உலகில் பரீட்சை செய்யப்பட்டவர்களில் ஐரோப்பிய வம்சத்தார் அதிகமானதால், மற்றவர்களுக்கு இந்த மூன்றாவது பதில் அதிகமாக வருகின்றது.

பரீட்சையை முதலில் வியாதி உள்ளவருக்கே செய்ய வேண்டும். அவரிடம் இன்ன மாறுதல் என்று தெரிந்த பிறகு சுகமாயிருக்கும் பிள்ளைக்குப் பார்த்தால்தான் "இல்லை" என்ற பதிலுக்கு மதிப்புண்டு. ஐம்பது வயதுக்கு முன் வியாதி வந்தவர்கள், குடும்பத்தில் பலருக்கு வந்தவர்கள் ஆகியோருக்கே இது முக்கியமாகப் பயன்படும். சுகமாயிருக்கும் சிறு குழந்தைகளுக்கு, பெரியவர்களானபின் வரக்கூடிய இந்த வியாதிக்காகப் பரீட்சை செய்யக்கூடாது. அவர்கள் வளர்ந்து, தாங்களே வேண்டுமா வேண்டாமா என்று சொல்லட்டும்.

இன்னொரு சங்கடம் பாருங்கள். பாட்டனுக்கு ஒரே பிரதியால் வரும் வியாதி. தகப்பன், "எனக்குத் தெரிய வேண்டாம், இருக்கிற வரையில் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறேன்" என்கிறான். மகன், "எனக்குக் கல்யாணம் ஆகப் போகின்றது, தெரிய வேண்டும்" என்கிறான். மகனுக்கு இருக்கின்றது என்று வந்தால், தகப்பனைக் கேளாமலே தகப்பனுக்கும் பதில் வந்துவிட்டது. யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கின்றது. அதனால்தான் ரத்தம் எடுக்கும் முன்பே இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். தெரிந்துகொள்ளுவது எப்படி ஒருவனுக்கு உரிமையோ, தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அப்படியே உரிமை. இன்றைய தேதியில் இந்த வியாதி வராமல் தடுக்கும் மருந்து கிடையாது. தேகப்பயிற்சி செய்தால் உடம்புக்கு நல்லது என்பதுதான் உண்டு. அப்படியிருக்க, "பகுத்தறிவுள்ளவன் பரீட்சை செய்துகொண்டே ஆக வேண்டும்" என்று நாம் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம்.

கட்டளையாக மாறினால்

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்தாகிவிட்டது. ஜெர்மனியில் ஹிட்லர் சர்க்கார் 1933-ல், பரம்பரை வியாதிக்காரர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று சட்டம் செய்து, சுமார் நாலு லட்சம் பேரைப் பலவந்தமாக மலடாக்கிற்று. குருடர், செவிடர், வலிப்பு வந்தவர், புத்தி மந்தம் என்று முத்திரை குத்தப்பட்டவர் எல்லாரும் அதில் அடக்கம். அமெரிக்காவில் டைட் என்ற டாக்டர் இந்த மாதிரிச் சட்டத்துக்காகவே பிரசாரம் செய்து, ஹிட்லரைப் பாராட்டிக் கடிதமும் எழுதி, தம் சொத்தை மின்னிசோட்டா சர்வகலாசாலைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சொத்தில் ஏற்பட்ட ஸ்தாபனத்துக்கு 1947-ல் தலைவராக வந்தவர் ஷெல்டன் ரீட். அவர்தான் "மரபணு ஆலோசனை" என்ற பெயரையே உண்டாக்கினார். வந்தவர்களுக்கு உள்ளதை உள்ளபடி விளக்கிச் சொல்லுவதே தம் வேலை, அதன் பிறகு முடிவு செய்வது அவர்கள் வேலை என்று அவர் வழி வகுத்தார். ஆகவே அந்தப் பெயரில் உள்ள "ஆலோசனை" என்ற சொல் சும்மா வந்து ஒட்டிக்கொண்டதல்ல. ஒருவன் கட்டிக்கொள்ளலாமா, பிள்ளை பெறலாமா என்று உத்தரவு போட சர்க்காருக்கும் உரிமை இல்லை; டாக்டருக்கும் இல்லை; மாமியாருக்கும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

கடைசியாக, இங்கு கூடியிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கின்றோம். வீட்டில் நடுக்கம் வந்தவர் இருந்தால் மறைக்காதீர்கள். நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்யாணப் பேச்சில் பத்துப் பொருத்தம் பார்க்கும் நேரத்தில் கால் பங்கு இதற்குப் போதும். பரீட்சை செய்துகொள்ள விரும்பினால் ஆலோசனை சொல்லும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தபால் குப்பிக்காரனிடம் போகாதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணின் தகப்பனுக்குக் கை நடுங்குகிறது என்று கேள்விப்பட்டால், அந்தச் சம்பந்தத்தைக் கெடுக்கும் வேலைக்குப் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாயோ தகப்பனோ தெரியாமல் கொடுத்ததற்காக யாரும் யாரையும் ஏச வேண்டாம். அவர்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்களல்ல.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்த டாக்டர்களைக் கேளுங்கள்; வீட்டிலே கலந்து பேசுங்கள்; சரி என்று பட்டதைச் செய்யுங்கள்.